அலுமாரிச் சாமான்களுக்கு ஓர் ஒளிப்பெட்டி

உங்கள் வீட்டு அலுமாரியின் ஏதோவொரு லாச்சியில், பழைய பற்றுச்சீட்டுகளுக்கும் மருந்துத் துண்டுகளுக்கும் அடியில், ஒரு சிறிய தகர டப்பா கிடக்கும். அதை ஒரு முறை திறந்து பாருங்கள். உம்மும்மா விட்டுச் சென்ற காதணிச் சோடி, மூடி தொலைந்த அத்தர்ப் போத்தல், பித்தளைச் சுர்மாக் குப்பி, ஹஜ்ஜுக்குப் போய் வந்த யாரோ தந்த தஸ்பீஹ், மரம் பொறித்த செப்புச் சதக் காசு நாலைந்து. கடைக்குக் கொண்டுபோனால் இவற்றில் பாதிக்கு விலையே கிடையாது. ஆனால் தொலைந்து போனால் எந்தக் கடையிலும் வாங்கவும் முடியாது.

தொலைவது நம் நாட்டில் அபூர்வமான காரியமா என்ன? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். பலருடைய நகைகளும் வழியிலேயே பறிக்கப்பட்டன. 2004 டிசெம்பர் 26இல் கடல் எழுந்து வந்தபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கிண்ணியாவிலும் அலுமாரிகளே அடித்துச் செல்லப்பட்டன; லாச்சிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 2022இன் பொருளாதார நெருக்கடியில் எத்தனை பெண்களின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின! சில மீண்டு வந்தன, சில வரவில்லை. போன பொருள் எப்படி இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்ல வாய் வார்த்தை மட்டுமே மிஞ்சிய வீடுகள் நம்மிடையே நிறைய.

ஆகவே கையில் இருக்கும்போதே அவற்றை ஒழுங்காகப் படம் பிடித்து வைப்பது வீண் வேலையல்ல. இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் கெமரா உள்ள கைப்பேசி ஒன்று இருக்கிறது. குறைவாக இருப்பது நல்ல வெளிச்சம்தான்.

கட்டில் விரிப்பின் மேல் மோதிரத்தை வைத்து, கூரையில் எரியும் விளக்கின் கீழ் குனிந்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். உங்கள் தலையின் நிழல் மோதிரத்தின் மேல் விழும். வளைந்த இடத்தில் மின்குமிழ் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும். விரிப்பின் பூக்களுக்குள் மோதிரத்தைத் தேட வேண்டியிருக்கும். பிளாஷ் போட்டாலோ நிலைமை இன்னும் மோசம். தவறு உங்கள் கையிலும் இல்லை, கைப்பேசியிலும் இல்லை. சின்ன விளக்கு கறுத்த நிழலைத் தரும். பெரிய வெளிச்சம் மென்மையான நிழலைத் தரும். உச்சி வெயிலில் முற்றத்தில் நிற்பவரின் நிழலையும், மழை மேகம் மூடிய பகலில் நிற்பவரின் நிழலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சூரியன் அதே சூரியன்தான். நடுவே மேகம் வந்ததும் வானம் முழுவதுமே விளக்காகி விடுகிறது.

அந்த மேகத்தை ஓர் அட்டைப்பெட்டிக்குள் கொண்டு வருவதுதான் ஒளிப்பெட்டி. கடைகளில் மடிக்கும் பெட்டிகளும் விற்கிறார்கள். அவை மோசமில்லை. ஆனால் மலிவானவற்றில் சிலவற்றின் விளக்குகள் நிறத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. தங்கம் பச்சை பாய்ந்தது போலத் தெரியும். வீட்டில் செய்வதே என் விருப்பம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் ஒரு மணித்தியால வேலை.

பெட்டி செய்யும் விதம்

மளிகைக் கடையில் கேட்டால் ஒரு காட்போர்ட் பெட்டி தருவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 முதல் 40 சென்றிமீற்றர் வரை இருந்தால் போதும். அதன் திறந்த வாய் உங்களைப் பார்க்கும்படி பெட்டியைப் படுக்க வையுங்கள். இப்போது இடம், வலம், மேல் என்ற மூன்று பக்கங்களிலும் யன்னல் போல வெட்டி எடுக்க வேண்டும். ஓரத்தில் மூன்று சென்றிமீற்றர் சட்டத்தை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி சரிந்துவிடும். அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தொட வேண்டாம். கூரிய கத்தியை நீங்களே பிடியுங்கள். ஒட்டும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

வெட்டிய யன்னல்களில் வெள்ளை டிஷூக் கடதாசி ஒட்ட வேண்டும். வெசாக் கூடுகளுக்கு ஒட்டுகிறார்களே, அதே கடதாசிதான். புத்தகக் கடையில் கிடைக்கும். வெள்ளை நிறம் மட்டும் வாங்குங்கள். ஒரு தாள் ஒட்டி, வெளிச்சம் கடுமையாகத் தோன்றினால் இரண்டாவது தாளையும் ஒட்டலாம்.

அடுத்தது உள்விரிப்பு. ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்டை எடுத்து, மேல் ஓரத்தைப் பின்சுவரின் உச்சியில் ஒட்டி, மற்ற ஓரத்தை முன்வாசல் வரை இழுத்து விடுங்கள். பின்சுவரும் தரையும் சேரும் இடத்தில் மடிக்கவே கூடாது. பாய் வழிந்து விழுவது போல வளைந்து வர வேண்டும். மடித்தால் படத்தின் நடுவே ஒரு கோடு விழும். வளைந்தால் பொருள் வெறும் வெள்ளையில் மிதப்பது போல இருக்கும், கண் வேறெங்கும் போகாது.

விளக்குக்கு இரண்டு மேசை விளக்குகள். இரண்டிலும் ஒரே கம்பனியின் ஒரே வகை எல்.ஈ.டி. மின்குமிழ், 9 வோட் போதும். பகல் வெளிச்சம் என்று குறித்த, 6500 என்ற எண் கொண்ட வெள்ளை வகையாகப் பாருங்கள். பழைய இழைக் குமிழ்கள் வேண்டவே வேண்டாம். அவை கடும் சூட்டைக் கக்கும். பக்கத்தில் இருப்பதோ டிஷூக் கடதாசி. எல்.ஈ.டி. குமிழையும் கடதாசியில் முட்ட வைக்காமல் ஒரு சாண் தள்ளியே வையுங்கள். விளக்கை எரியவிட்டு அறையை விட்டுப் போகாதீர்கள்.

விளக்குகள் இடமும் வலமுமாக, பெட்டிக்கு வெளியே நிற்கட்டும். படம் எடுக்கும்போது கூரை விளக்கை அணைத்துவிடுங்கள், யன்னல் திரையையும் மூடுங்கள். மஞ்சள் வெளிச்சமும் வெள்ளை வெளிச்சமும் பகலொளியும் கலந்தால் கைப்பேசி குழம்பிப்போகும். வெள்ளியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் செம்மஞ்சளாகவும் வரும். மேசை விளக்குக்கு வழியில்லாதவர்கள் பெட்டியை யன்னலோரம் வைத்து, வெயில் நேராக விழாத காலை வேளையில் எடுக்கலாம். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் தணியும்.

கைப்பேசியில் செய்ய வேண்டியது

முதலில் கெமராக் கண்ணாடியை மென்மையான துணியால் துடையுங்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் அலையும் கைப்பேசியில் எண்ணெய் படிந்திருக்கும். படங்கள் புகைமூட்டமாக இருப்பதற்குப் பாதி வீடுகளில் காரணம் இதுதான்.

பொருளை முட்டிக்கொண்டு எடுக்காதீர்கள். கிட்டப் போனால் மோதிரத்தின் முன்பக்கம் வீங்கியும் பின்பக்கம் சூம்பியும் தெரியும், கைப்பேசியின் நிழலும் உள்ளே விழும். சற்றுப் பின்வாங்கி இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கையில் பிடித்தால் ஆடும். நாலைந்து புத்தகங்களை அடுக்கி அதில் சாய்த்து வைத்து, இரண்டு விநாடி கழித்துத் தானாக எடுக்கும் வசதியைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

இனி ஒரு விசித்திரம். வெள்ளைக் கடதாசியை வைத்து எடுத்தாலும் படத்தில் அது சாம்பல் நிறமாக வரும். “விளக்குப் போதவில்லை போலும்” என்று மூன்றாவது விளக்கைத் தேடுவீர்கள். தேட வேண்டாம். கெமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சமுள்ள ஒன்றாகவே எண்ணிக்கொள்ளும். எங்கும் வெள்ளையாக இருந்தால் “வெளிச்சம் கூடிவிட்டது” என்று தானே குறைத்துவிடும். திரையில் பொருளின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பக்கத்தில் சிறிய சூரியன் போன்ற அடையாளம் வந்தால் அதை மெல்ல மேலே தள்ளுங்கள். கடதாசி வெள்ளையாகும் வரை தள்ளினால் போதும். அதற்கு மேல் போனால் வெள்ளிச் சாமானின் ஓரம் கடதாசியோடு கரைந்துவிடும். முகத்தை அழகுபடுத்தும் வசதிகள் எதையும் இதில் சேர்க்காதீர்கள். கல்லின் உண்மையான நிறம்தான் நமக்கு வேண்டும்.

அடம் பிடிக்கும் பொருள்கள்

தஸ்பீஹ், மரச் சீப்பு, பாக்குவெட்டி போன்றவை பெட்டிக்குள் வைத்தவுடன் நன்றாக வந்துவிடும். எல்லாம் அப்படியல்ல.

காசை எடுத்துக்கொள்ளுங்கள். 1909இல் வந்த சதுர வடிவ ஐந்து சதமோ, ஓரம் பூவிதழ் போல வளைந்த 1944ஆம் ஆண்டின் பித்தளை இரண்டு சதமோ உங்கள் டப்பாவில் இருக்கலாம். இரு பக்கமும் சம வெளிச்சம் விழுந்தால் காசின் முகமும் எழுத்தும் தட்டையாகிவிடும். ஒரு விளக்கை அணைத்து, மற்றதைத் தாழ்த்திச் சரிவாக அடியுங்கள். எழுத்துகளுக்குச் சிறு நிழல் விழுந்து தேய்ந்த ஆண்டுகூட வாசிக்க முடியும். பெட்டியின் மேற்கடதாசியில் கெமரா பார்க்கும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு நேர் மேலிருந்து எடுத்தால் வட்டம் வட்டமாகவே வரும். படத்துக்காகக் காசைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேய்த்த காசைப் பாதி விலைக்கும் கேட்கமாட்டார்கள். போன மேற்பரப்பு திரும்ப வருவதுமில்லை. மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

வெள்ளி, பித்தளைச் சாமான்கள் கண்ணாடி மாதிரி. சுர்மாக் குப்பியின் வயிற்றில் உங்கள் கைப்பேசியும் முகமும் குட்டியாகத் தெரியும். முன்வாசலை ஒரு வெள்ளைக் கடதாசியால் மூடி, அதில் கெமராவுக்கு மட்டும் துளை போட்டு எடுத்தால் அது மறையும். ஆனால் சுற்றிலும் வெள்ளையாகிவிட்டால் வெள்ளி சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். ஒரு விரல் அகலக் கறுப்புக் கடதாசித் துண்டைப் பக்கத்தில், படத்துக்கு வெளியே நிறுத்துங்கள். குப்பியின் உடலில் ஒரு கருங்கோடு ஓடி அதன் உருண்டை வடிவம் தெரியும். அத்தர்ப் போத்தலுக்கும் இதே வித்தைதான். இரு பக்கமும் கறுப்புத் துண்டு நின்றால் கண்ணாடியின் விளிம்பு தெளிவாக எழுந்து நிற்கும்.

நட்சத்திரக் கல் பதித்த மோதிரம் இருக்கிறதா? அதை இந்தப் பெட்டியில் எடுத்தால் ஏமாந்து போவீர்கள். அந்தக் கல்லுக்குள் றூட்டைல் என்ற கனிமத்தின் மிக நுண்ணிய ஊசிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. ஒற்றை விளக்கின் ஒளி அவற்றில் பட்டுத் தெறிக்கும்போதுதான் ஆறு கதிர்கள் தோன்றும். மென்மையான, எங்குமிருந்து வரும் வெளிச்சத்தில் நட்சத்திரம் காணாமல் போய்விடும். இரண்டு விளக்குகளையும் அணைத்துவிட்டு, இன்னொரு கைப்பேசியின் டோர்ச்சை நேர் மேலிருந்து பிடியுங்கள். நட்சத்திரம் திரும்பி வரும். பட்டை தீட்டிய கற்களின் மினுக்கமும் இப்படித்தான், பெட்டிக்குள் மங்கிவிடும். நிறத்துக்குப் பெட்டியில் ஒரு படம், மினுக்கத்துக்கு டோர்ச்சில் ஒரு படம் என்று இரண்டு எடுத்து வையுங்கள்.

தபால் முத்திரை போன்ற தட்டையானவற்றுக்குப் பெட்டியே தேவையில்லை. யன்னலோர வெளிச்சம் போதும். எடுத்தவுடன் அல்பத்துக்குள் வைத்து மூடிவிடுங்கள், வெளிச்சத்தில் கிடந்தால் வர்ணம் வெளிறும்.

படத்தோடு சேர்க்க வேண்டியது

நகையாக இருந்தால் அழகான ஒரு படம் போதாது. முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, கரட் முத்திரை குத்திய இடம், கல் விழுந்த குழி, பொருத்தி ஒட்டிய தழும்பு எல்லாவற்றையும் எடுங்கள். ஒரு படத்தில் பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வையுங்கள், அளவு தெரியும். எத்தனை பவுண், எத்தனை கல் என்பதைத் தனியே குறியுங்கள். அடகு வைக்கப் போகும் முதல் நாளிரவு இதைச் செய்தால், மீட்கும் நாளில் “இது என்னுடையதுதானா?” என்ற சந்தேகம் வந்தால் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும். களவு போனால் பொலிஸில் சொல்வதற்கும், ஸகாத் கணக்குப் பார்க்கும் நாளுக்கும் அதே குறிப்பு உதவும். உம்மாவின் எந்த வளையல் எந்த மகளுக்கு என்பதில் சகோதரிகளிடையே மனத்தாங்கல் வளர்ந்த வீடுகளை நீங்களும் அறிவீர்கள். உம்மா உயிரோடு இருக்கும்போதே அவர் வாயால் கேட்டு எழுதிய ஒரு வரி அங்கே இருந்திருந்தால்?

சதக் காசுக்கும் தஸ்பீஹுக்கும் வேறு குறிப்பு வேண்டும். யார் கொடுத்தது, எப்போது, எங்கிருந்து வந்தது என்பன. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் பெட்டியை அவர்கள் முன்னால் வைத்தே வேலையைச் செய்யுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, “இது யாருடையது உம்மா?” என்று கேளுங்கள். பொருள் கையில் இருக்கும்போது வருகிற பேச்சு, சும்மா கேட்டால் வராது. அவர்கள் சொல்வதைக் கைப்பேசியிலேயே குரலாகவும் பதியலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நகைப் படங்களை பேஸ்புக்கிலோ, நூறு பேர் உள்ள வட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். கைப்பேசியில் இட அடையாளம் திறந்திருந்தால், எடுத்த வீட்டின் இருப்பிடமும் படத்தோடு பதிவாகிவிடும். கெமராவின் அமைப்பில் அதை முதலிலேயே மூடிவிடுங்கள். வெளிநாட்டிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ தனியாக ஒரு பிரதியை அனுப்புங்கள். கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலும் அங்கே ஒன்று இருக்கும். முக்கியமானவற்றை ஸ்டூடியோவில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் விபரம் எழுதி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அதே உறைக்குள் வையுங்கள். அவசரத்தில் வீட்டை விட்டு இறங்கும்போது நாம் முதலில் தூக்குவது அந்த உறையைத்தானே.