பட்டியல் ஒன்று சொல்ல, கிடங்கில் வேறொன்று

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவு ஒரே இடத்தில் கிடப்பதில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்கள் அதைப் பங்கிட்டு வைத்திருக்கின்றன. இந்தியாவில் சிஎம்எஸ் சோதனைக்கு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், ஆலிஸ் சோதனைக்குக் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அந்த வேலையைச் செய்கின்றன.

எந்தக் கோப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்வது தனியாக ஒரு பட்டியல். சிஎம்எஸ் 2020 முதல் இதற்கு ரூசியோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறது. சிக்கல் இங்கேதான். பட்டியல் ஓரிடம், கோப்பு வேறிடம். நடுவில் இணைப்பு அறுந்தாலோ வட்டு கெட்டாலோ இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். ஆலங்குளத்து ரேஷன் கடையில் பதிவேட்டு இருப்பும் மூட்டைக் கணக்கும் உதைத்தால் வருகிற தலைவலி இது.

பிழை இரண்டு வகை. மையத்தின் சேமிப்புக் கிடங்கில் இருந்தும் பட்டியலில் ஏறாதவை இருட்டுத் தரவு. அவை இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவே. பட்டியலில் இருந்தும் கிடங்கில் இல்லாதவை தொலைந்த கோப்புகள். அவற்றை நம்பி அனுப்பிய கணக்கீடு பாதியில் படுத்துவிடும். ஆகவே கோப்பு முழுதாக வந்து சேர்ந்த பிறகே 'இருக்கிறது' என்று குறிப்பதுதான் புத்திசாலித்தனம். நடுவில் ஏதாவது தவறினால் இருட்டுத் தரவு மிஞ்சும். பொய்ப் பதிவு மிஞ்சாது.

சரிபார்ப்பதற்காக வேலையை நிறுத்த முடியாது. கோப்புகள் வந்தபடியும் அழிந்தபடியும் இருக்கும். அதனால் கிடங்கின் முழு விவரத்தை ஒருநாள் எடுத்து, அதற்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு பட்டியல்களோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டு பட்டியலிலும் இல்லாமல் கிடங்கில் மட்டும் இருப்பது இருட்டு. இரண்டிலும் இருந்து கிடங்கில் இல்லாதது தொலைந்தது. ஒன்றில் மட்டும் இருப்பதைத் தொடுவதில்லை. அப்போதுதான் வந்ததாகவோ அழிக்கப்பட்டதாகவோ இருக்கலாம். எளிமையான யோசனை, ஆனால் இது இல்லாமல் இருட்டு என்று அவசரப்பட்டு அழித்தால் நல்ல தரவும் சேர்ந்து போய்விடும்.

கோப்பு இருந்தும் உள்ளடக்கம் சிதைந்திருக்கலாம். அதைப் பிடிக்க ஒவ்வொரு கோப்புக்கும் அட்லர்-32 முறையில் கணக்கிட்ட எட்டு இலக்கக் குறி பட்டியலிலேயே இருக்கும். மறுபடி கணக்கிட்டு அது ஒத்துவராவிட்டால் அந்தப் பிரதி செல்லாது.

தொலைந்ததை வேறு மையத்திலிருந்து நகலெடுத்துக்கொள்வார்கள். எங்குமே பிரதி இல்லையென்றால் பதிவை நீக்கிவிட்டு, உரியவர்களுக்குத் தகவல் சொல்வார்கள். மூலத் தரவுக்கு செர்னில் ஒரு டேப் பிரதியும் வெளியே பெரிய மையங்களில் இன்னொன்றும் உண்டு. அதிலிருந்து கணக்கிட்டு எடுத்த கோப்பு போனால் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம்.