வீட்டிலேயே தயாராகும் நீர்மூழ்கி ரோபோ: கேபிள் அவசியமாவது ஏன்?

வானில் பறக்கும் டிரோனைக் கம்பியின்றி இயக்கலாம். ஆனால், நீருக்கடியில் செல்லும் 'ஆர்ஓவி' எனப்படும் ரோபோ வாகனங்கள் கேபிள் மூலமே இயக்கப்படுகின்றன. ரேடியோ அலைகள் நீரில், குறிப்பாக உப்பு நீரில், விரைவில் வலுவிழப்பதே இதற்குக் காரணம்.

இத்தகைய வாகனத்தைப் பொழுதுபோக்காக வீட்டிலேயே உருவாக்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 2003-ஆம் ஆண்டு மாணவர்களுக்காகத் தொடங்கிய 'சீபெர்ச்' திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. பிவிசி குழாய்ச் சட்டகம், 3 சிறிய மோட்டார்கள், 12 வோல்ட் பேட்டரி, சுவிட்சுகள் ஆகியவையே இதன் முக்கியப் பாகங்கள். இரு மோட்டார்கள் வாகனத்தை முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்புகின்றன. மூன்றாவது மோட்டார் அதனை மேலும் கீழும் செலுத்துகிறது.

வாகனம் மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது. எனவே, மேற்பகுதியில் மிதவையும் அடிப்பகுதியில் எடையும் பொருத்திச் சமநிலை பேணப்படுகிறது.

நீர்க்கசிவே பெரும் சவால். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அதனால், சீபெர்ச் மோட்டார்கள் சிறு டப்பாக்களில் மெழுகு நிரப்பி அடைக்கப்படுகின்றன. முதல் சோதனையை வாளி நீரில் நடத்துவது நல்லது. வீட்டு மின் இணைப்பை நீரருகே பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். பேட்டரியையே பயன்படுத்த வேண்டும்.

சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'ரோசப் 6000' வாகனம் 6,000 மீட்டர் ஆழத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதுவும் கப்பலுடன் கேபிளால் இணைக்கப்பட்டே இயங்குகிறது.