அன்று விளம்பரம், இன்று சரக்கு

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சேஸ் என்று ஒரு பெரிய ஓட்டல். 1959-இல் அதன் விருந்து மண்டபத்தில், சரவிளக்குகளுக்குக் கீழே மல்யுத்த மேடை போட்டார்கள். கோட்டு சூட்டு போட்ட ஆண்களும் விருந்துக்குப் போகும் அலங்காரத்தோடு வந்த பெண்களும் உட்கார்ந்து, இரண்டு தடியர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடுவதை ரசித்தார்கள். ‘ரெஸ்லிங் அட் தி சேஸ்’ என்ற அந்த நிகழ்ச்சி உள்ளூர்த் தொலைக்காட்சியில் 1983 வரை ஓடியது. இன்று தேடினால் அதில் கொஞ்சம்தான் அகப்படும். பதிவு செய்த நாடாவை அழித்து, அதன் மேலேயே அடுத்ததைப் பதிந்துகொண்டே போய்விட்டார்கள்.

இப்போது கேட்டால் வயிறு எரிகிறது. அவர்கள் கணக்கில் அது சரிதான். இரண்டு அங்குல அகல வீடியோ நாடா அன்று விலை உயர்ந்த சாமான். தேயும்வரை பயன்படுத்துவதுதான் எல்லா நிலையங்களிலும் வழக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் வந்த மல்யுத்தத்தை யாரும் விற்கவில்லை. அது வெறும் விளம்பரம். மெம்பிஸ் நகரில் சனிக்கிழமை காலை ஸ்டுடியோவில் இரண்டு பேர் முறைத்துக்கொள்வார்கள். ஒருவன் மைக்கைப் பிடுங்கி, ‘திங்கட்கிழமை ராத்திரி அரங்கத்துக்கு வா, பார்த்துக்கொள்கிறேன்’ என்று சவால் விடுவான். திங்கட்கிழமை டிக்கெட் விற்ற காசில்தான் எல்லோருக்கும் கூலி. செவ்வாய்க்கிழமை அந்த சனிக்கிழமை நாடாவுக்கு என்ன மதிப்பு? படம் தூக்கிய பிறகு சுவரொட்டியை யார் பத்திரப்படுத்துவார்கள்?

இன்னொரு சௌகரியமும் இருந்தது. 1948-இல் உருவான தேசிய மல்யுத்தக் கூட்டணியின் நிழலில், நாட்டை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக்கொண்டு முதலாளிகள் தொழில் நடத்தினார்கள். ஒரு வட்டாரத்தில் தோற்று, முகம் பழசாகிப்போனவன் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த வட்டாரத்தில் தோல்வியே அறியாத வீரனாக வந்து இறங்குவான். முடிவு முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம் என்பதை ஒப்புக்கொள்ளாத காலம் அது. பதிவு என்று ஒன்று இருந்தால் அது சாட்சியாகிவிடும். மறதிதான் அந்தத் தொழிலின் மூலதனம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த மறதியை உடைத்தவர்கள் ரசிகர்கள். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வந்ததும் தங்கள் ஊர் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, வெளியூர் ரசிகருக்குத் தபாலில் அனுப்பி, பதிலுக்கு அவர் ஊர் கேசட்டை வாங்கினார்கள். இரண்டு டெக்கை ஒயர் போட்டு இணைத்துப் பிரதி எடுப்பார்கள். பிரதிக்குப் பிரதி, அதற்கும் ஒரு பிரதி என்று போகப் போக வண்ணம் வழியும், முகம் கரையும். கடைசியில் ஜட்டியின் நிறத்தை வைத்துத்தான் யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். 1981-இல் டோக்கியோவில் முதலாம் டைகர் மாஸ்க் டைனமைட் கிட்டோடு மோதிய ஆட்டத்தை அமெரிக்க ரசிகர்கள் பலர் இப்படித்தான் பார்த்தார்கள். ஆனால் ஒன்று. அந்தக் கேசட்டில் இருந்தது ஒளிபரப்பானது ஒளிபரப்பானபடியே, நடுவில் வந்த சோப்பு விளம்பரம் உட்பட.

இந்தக் கேசட் உலகத்துக்கென்று ஒரு புராணமும் உண்டு. 1986 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில், ஒளிபரப்புக்கென்று இல்லாமல் ஒரு சோதனை ஆட்டம் நடந்தது. டாம் மகீ என்ற கனடாக்காரர். உலக வலுவாளர் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர், உடம்பு சிலை மாதிரி. மல்யுத்தம் மட்டும் சரியாக வராது. அவரோடு மோதியவர் பிரெட் ஹார்ட். தான் தோற்றுக்கொண்டே எதிராளியைச் சூரனாகக் காட்டும் வித்தையை ஹார்ட் அன்று அத்தனை நேர்த்தியாகச் செய்ததில், அடுத்த ஹல்க் ஹோகன் கிடைத்துவிட்டார் என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.) நிறுவன முதலாளி வின்ஸ் மக்மான் நம்பிவிட்டார். அடுத்தடுத்த ஆட்டங்களில் வேறு ஆட்களோடு மோதியபோது குட்டு வெளிப்பட்டது. அந்த ஆட்டத்தின் பதிவு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. முப்பது வருஷம் அதைப் பற்றிப் பேசியே ரசிகர்கள் பொழுதைக் கழித்தார்கள். 2019-இல் ஹார்ட் வைத்திருந்த பழைய கேசட்டுகளுக்குள்ளிருந்து ஒரு ரசிகை அதைக் கண்டெடுத்தார். நிறுவனம் உடனே அதை வைத்து ஓர் ஆவணப்படமே எடுத்துத் தன் ஓடிடியில் போட்டது. ஒளிபரப்பவே வேண்டாம் என்று விட்ட ஆட்டம், சந்தா வாங்கித் தரும் சரக்காகிவிட்டது.

சரக்கு என்று முதலில் மோப்பம் பிடித்தவரும் மக்மான்தான். 2001-இல் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. நொடித்தபோது சில மில்லியன் டாலருக்கு அதை வாங்கினார். பெயரோடு நாடாக்களும் வந்தன. பின்னாலேயே ஈ.சி.டபிள்யூ., மினியாபொலிஸின் ஏ.டபிள்யூ.ஏ., டல்லாஸின் வான் எரிக் குடும்பம் நடத்திய வேர்ல்டு கிளாஸ், பில் வாட்ஸின் மிட் சவுத் என்று வட்டார முதலாளிகள் விட்டுப்போன பெட்டிகள் ஒவ்வொன்றாக மக்மானின் கிடங்குக்கே போய்ச் சேர்ந்தன. 2014 பிப்ரவரியில் மாதம் 9.99 டாலருக்கு டபிள்யூ.டபிள்யூ.ஈ. நெட்வொர்க் திறந்தது. ஒரே ஒரு பெரிய நிகழ்ச்சியை நேரலையில் பார்க்கவே நாற்பது ஐம்பது டாலர் கொடுத்துப் பழகியவர்களுக்கு அது அடித்த லாட்டரி. கேசட்டுக்காகக் காத்துக்கிடந்த தலைமுறைக்கு ரிக் ஃபிளேரும் ரிக்கி ஸ்டீம்போட்டும் 1989-இல் மோதிய ஆட்டங்கள் துல்லியமான படத்தில், ஒரு விரல் தட்டலில். நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் சரக்கு என்றால் விற்பதற்கு முன் தட்டிக் கொட்டி நிமிர்த்துவார்கள். ஈ.சி.டபிள்யூ.வின் சாண்ட்மேன், பீர் கேனும் பிரம்புமாகக் கூட்டத்தின் நடுவே நடந்து வருவார். மெட்டாலிகாவின் பாட்டு முழங்கும், ஃபிலடெல்ஃபியா கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடும். அவருடைய ஆட்டத்தில் பாதி அந்த நடைதான். ஓடிடியில் அந்தப் பாட்டு இல்லை. உரிமைத்தொகை கட்டுப்படியாகாததால் ஏதோ ஒரு கிதார் சத்தத்தை ஒட்டியிருக்கிறார்கள். இதற்கும் முன்னால், பாண்டா சின்னம் கொண்ட வனவிலங்கு அமைப்போடு பெயர் வழக்கில் தோற்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற எழுத்துகளையே இழந்தபோது, பழைய படங்களில் அந்தச் சின்னத்தை மங்கலாக்கி, வர்ணனையாளர் வாயிலிருந்தும் அந்த எழுத்துகளை வெட்டினார்கள். 2012-இல் சமரசம் ஆன பிறகுதான் அது நின்றது.

2021-இல் அமெரிக்காவில் பீகாக் தளத்துக்கு இந்தக் கிடங்கு போனபோது வெட்டியது வேறு வகை. 1990-இல் ரெஸ்ல்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சியில் ராடி பைப்பர் உடம்பில் பாதிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஒரு கறுப்பின வீரரோடு மோதினார். கேவலமான காட்சிதான். அதைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இத்தனை ஆயிரம் பேர் முன்னால் அதை அரங்கேற்றிக் காசு பார்த்தவர்கள், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல் சுத்தமாக நிற்பது அந்தக் காட்சியைவிட மோசம். எச்சரிக்கை வாசகம் போட்டுவிட்டு ஓடவிட்டிருக்கலாம்.

நம்மூரில் தொண்ணூறுகளில் கேபிள் வழியாக வந்தது இந்த மல்யுத்தம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்த பையன்கள் உயரம், எடை, ரேங்க் அச்சடித்த கார்டுகளை வைத்து மரத்தடியில் விளையாடினார்கள். அவர்களுக்கு இப்போது நாற்பது வயது. பழசைப் பார்க்க ஆசைப்பட்டால் 2025 ஏப்ரலிலிருந்து நெட்ஃபிளிக்ஸுக்குத்தான் போக வேண்டும். முன்பு நெட்வொர்க்கில் இருந்ததெல்லாம் அங்கே வந்து சேரவில்லை. நேற்றுப் பாதி பார்த்த வாராந்திர நிகழ்ச்சி, ஒப்பந்தம் மாறியதும் எந்தத் தளத்திலும் இல்லாமல் போகலாம். நிறுவனமே நடத்தும் ‘வால்ட்’ என்ற யூடியூப் சேனலில் சில முழு ஆட்டங்களை இலவசமாகப் பார்க்கலாம். எவை என்பது அவர்கள் இஷ்டம்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து வி.எச்.எஸ். கேசட் ஏதாவது கிடந்தால், என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நம் ஈரக்காற்றில் நாடாவுக்குப் பூஞ்சை பிடிக்கும். பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் சொருகினால் டெக்கும் கெடும். கல்யாண வீடியோக்களை டிஜிட்டலாக்கித் தரும் ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து மாற்றி வாங்குங்கள். விளம்பரங்களையும் வெட்ட வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.