பூட்டிய எஞ்சின் ஏன் புறப்படவில்லை?

கார் என்றால் ஏறி அமர்ந்து போவதற்கு உரியது என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். சென்ற கோடை விடுமுறை வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தால், "பெட்ரோல் எரிகிறது" என்று ஒரே வரியில் விடை எழுதி அரை மதிப்பெண் பெற்றிருப்பேன்.

எங்கள் வீடு ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அருகில் உள்ளது. அப்பா மலையில் புளியும் பலாவும் வாங்கிப் போளூருக்குக் கொண்டு போய் விற்பவர். அதற்கு உதவுவது எங்கள் பழைய அம்பாஸிடர் கார். 1984ஆம் ஆண்டு மாடல். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் அந்தக் கார்களைச் செய்த தொழிற்சாலை 2014ஆம் ஆண்டிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. எங்கள் வண்டிக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலும்!

ஆனால் வயது யாரை விட்டது? ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பின்னால் நீலப் புகை கக்கியது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, ஆயில் மேலே ஏறி எரிகிறது என்பதற்கு அதுவே அடையாளமாம். ஆகவே அப்பாவும் மாமாவும் எஞ்சினை இறக்கினார்கள். சிலிண்டர்களைப் போர் செய்வதும் கிராங்கைக் கடைவதும் கீழே ஒரு லேத் பட்டறையில் நடந்தன. மற்ற வேலை எல்லாம் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில்தான். பூட்டி முடிக்க மே மாதக் கடைசி ஆகிவிட்டது. பலாவுக்கு அப்பா முன்பணம் கொடுத்திருந்தார். பழுத்த பழம் நமக்காகக் காத்திருக்காது. வேறு வண்டி அமர்த்தினால் கிடைக்கும் இலாபமெல்லாம் வாடகைக்கே போய்விடும். என் விடுதிக் கட்டணமும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

அப்பா சாவியைத் திருப்பினார். 'டக்' என்ற ஒலி, அவ்வளவுதான்.

இந்த முதல் குறை எளிது. பாட்டரியின் ஒரு முனை காரின் உடலோடு இணைந்திருக்கிறது. உடலையும் எஞ்சினையும் தடித்த பட்டைக் கம்பி ஒன்று இணைக்கிறது. மின்சாரம் அதன் வழியே திரும்பினால்தான் சுற்று முழுமை பெறும். மாமா ஆசையோடு அடித்த புதிய பெயிண்டின் மேலேயே அந்தப் பட்டையைப் பூட்டியிருந்தார்! பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. சுரண்டிவிட்டு முடுக்கியதும் எஞ்சின் சுழன்றது.

சுழன்றதே ஒழிய, பற்றிக்கொள்ளவில்லை. இடையிடையே கார்பரேட்டர் வழியாக 'படார்' என்று வெடித்தது. ஒருமுறை அப்பாவின் துண்டின் ஓரமும் கருகியது. பாட்டி கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றப் புறப்பட்டார். பெட்ரோல் பக்கத்தில் கற்பூரமா என்று அம்மா அவரை உள்ளே அழைத்துப் போனார்.

பெட்ரோல் எஞ்சின் பற்றிக்கொள்ள மூன்று வேண்டும்: காற்றோடு கலந்த பெட்ரோல், அதைச் சுருக்கும் அழுத்தம், தக்க நொடியில் ஒரு தீப்பொறி. மாமா பிளக் ஒன்றைக் கழற்றினார். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. ஆக, பெட்ரோல் வருகிறது. துடைத்து, வயரில் மாட்டி, கார்பரேட்டருக்குத் தள்ளி, எஞ்சினின் இரும்பில் அதைச் சாய்த்து வைத்து, அப்பாவை முடுக்கச் சொன்னார். நீல நிறப் பொறி பளிச்சிட்டது. ஆக, காயிலும் நலம். பாட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது இந்தக் காயில்தான். ஆதலால் அந்த வயரை வெறுங்கையால் தொடக்கூடாது. அழுத்தமும் புது எஞ்சினுக்கு உரிய அளவு இருந்தது. மூன்றும் இருந்தும் எஞ்சின் ஓடவில்லை! அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

படுத்திருந்தபோது, வகுப்பில் சிஸ்டர் கரும்பலகையில் வரைந்த படம் என் நினைவுக்கு வந்தது. ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டில் ஓட்டிக் காட்டிய நான்கு வீச்சு எஞ்சினின் படம் அது. பிஸ்டன் இறங்கும்போது கலவையை உறிஞ்சுகிறது. ஏறும்போது அதை அழுத்துகிறது. பொறி பட்டு எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் ஏறும்போது பிஸ்டன் புகையை வெளியேற்றுகிறது. நான்கு வீச்சுக்குள் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஆனால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாப்ட் ஒரே சுற்றுத்தான்.

தோழியரே, சிக்கல் இங்கேதான் ஒளிந்திருந்தது. பிஸ்டன் உச்சிக்கு வருவது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! அழுத்தி முடித்தபோது ஒன்று, புகையை வெளியேற்றி முடித்தபோது மற்றொன்று. கிராங்கின் புள்ளியில் வெட்டியிருக்கும் குறி இரண்டு தடவையும் நேராகவே வந்து நிற்கும். பொறி வேண்டியதோ முதல் தடவைக்கு மட்டும். அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், கேம்ஷாப்டிலிருந்து ஒரு சிறு பல்தண்டின் மூலம் சுழல்கிறது. அந்தத் தண்டை இறக்கும்போது பிஸ்டன் எந்த உச்சியில் இருந்தது?

விடிந்ததும் அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். பிறகு, "வா கண்ணு, நீயே விரலை வை" என்றார்.

சாவியை எடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றினோம். முதல் சிலிண்டரின் துளையை என் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டேன். மாமா முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் காற்று 'புஸ்' என்று என் விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது. இதுதான் அழுத்த வீச்சு! குறி நேரானதும் நிறுத்தச் சொன்னேன். அப்பா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். ரோட்டார் முதல் பிளக்கின் வயரை நோக்கி இருந்திருக்க வேண்டும். அதுவோ நேர் எதிரே நான்காம் பிளக்கின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தது. புகை வெளியேறி, புதுக் கலவைக்காக வால்வு திறக்கும் நேரத்தில் பொறி விழுந்திருக்கிறது. கார்பரேட்டர் வெடித்ததன் காரணமும் அதுவே.

இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 3, 4, 2. அதில் ஒன்றுக்கு எதிர் நான்கு. மூன்றுக்கு எதிர் இரண்டு. ஆகவே மூடியில் ஒன்றையும் நான்கையும், இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றிச் செருகினால் போதும். மாமா அப்படியே செய்தார். இரண்டாவது முடுக்கில் எஞ்சின் உறுமி எழுந்தது. அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

நிமிடத்திற்கு 3000 சுற்றில் ஓடும்போது நான்கு பிளக்குகளிலும் சேர்த்து ஒரு நொடிக்கு 100 பொறிகள் விழுகின்றன. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபின் அந்தச் சின்ன டப்பாவின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிவிட்டது.

கார் வேலை பெண்களுக்கு எதற்கு என்று அண்டை வீட்டார் கேட்டனர். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் இரு மகன்களுடன், தம் கணவர் செய்த காரில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, தம் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். கார் என்ற ஒன்று தொலைதூரம் ஓடும் என்று உலகுக்குக் காட்டியவரே ஒரு பெண்தான் என்று அவர்களுக்குச் சொன்னேன்.

வயரை மாற்றிச் செருகியது அப்போதைக்குத்தான். நாளை வேறொரு மெக்கானிக் புத்தகத்தில் உள்ளபடி வயர்களை மாட்டினால் மறுபடியும் ஓடாது அல்லவா? ஆதலால் பலா இறங்கிய மறுநாளே அப்பா பல்தண்டை எடுத்துத் திருப்பிப் போட்டார். வயர்கள் தத்தம் இடத்திற்குத் திரும்பின. புது எஞ்சின் என்பதால் முதல் 800 கிலோமீட்டர் வரை விரட்டாமல் ஓட்டி, பிறகு ஆயிலை மாற்றினார். சூட்டில் தளர்ந்த ஹெட் போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்கினார். நான் பள்ளிக்குத் திரும்பிய நாளில் அந்த வண்டியில்தான் மலை இறங்கினேன். பின் இருக்கையில் எனக்கும் என் பெட்டிக்கும் நடுவே ஏழு பலாப்பழங்கள் இருந்தன.