கீரை கழுவும் நீர் சுத்தமானதா?

இடம்பெயர்ந்து எங்கு போய் இருந்தாலும் நாம் முதலில் தேடுவது ஒரு பாத்தி நிலம். கொட்டிலின் பின்புறம் முளைக்கீரை, கிணற்றடி ஈரத்தில் வல்லாரை, பொன்னாங்காணி. அதிகம் செலவில்லாமல் பிள்ளைகளுக்குச் சத்துக் கிடைக்கும் நல்ல வழி இது. ஆனால் அதே கீரை வயிற்றோட்டத்தையும் நெருப்புக்காய்ச்சலையும் கொண்டு வரலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்நோய்க் கிருமிகள் மலத்திலிருந்து வருபவை. பலர் நெருங்கி வாழும் இடத்தில் மலசலகூடங்கள் போதாவிட்டால், மழைவெள்ளத்தோடு அவை பாத்திக்கும் கிணற்றுக்கும் வந்து சேரும். நிலத்தோடு படரும் வல்லாரையில் அவை எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதை நாம் பச்சையாகவே சம்பல் போடுகிறோம். தேசிப்புளி விட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்புவது தவறு.

கழுவும் முறை

1. முதலில் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

2. அழுகிய, பழுத்த இலைகளையும் வேரையும் நீக்கி, கீரையை இலை இலையாகப் பிரியுங்கள். அரிந்த பின் அல்ல, அரியுமுன் கழுவ வேண்டும்.

3. அகன்ற பாத்திரத்தில் நிறைய நீர் விட்டு அலசுங்கள். மண் அடியில் தங்கும். நீரை இலையின் மேலால் ஊற்றி வடிக்காமல், இலையைக் கையால் அள்ளி வெளியே எடுங்கள். நீரை மாற்றி மூன்று முறையாவது இப்படிச் செய்யுங்கள்.

4. பச்சையாக உண்பதானால், கடைசியாகக் கொதித்தாறிய நீரில் அலசுங்கள். அழுக்கு நீரில் பத்து முறை கழுவினாலும் பயனில்லை.

5. சுத்தமான பாத்திரத்தில் நீரை வடியவிட்டு, தாமதியாமல் உண்ணுங்கள்.

இலைக்குச் சவர்க்காரம் போட வேண்டாம். இலை அதை உறிஞ்சிக்கொள்ளும்.

கழுவினால் மட்டும் போதுமா?

கழுவுவதால் கிருமிகள் பெருமளவு குறையும்; முற்றாக நீங்கா. இலையின் மடிப்பிலும் நுண்துளைகளிலும் சில ஒளிந்திருக்கும். 2006 இல் அமெரிக்காவில், ஏற்கெனவே கழுவிப் பைகளில் அடைத்து விற்ற ஒருவகைக் கீரையை உண்டு ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அக்கீரை விளைந்த கலிபோர்னியாத் தோட்டத்தின் அயலில், மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றிகளிலும் அதே கிருமி காணப்பட்டது.

ஆகவே சுத்தம் பாத்தியிலேயே தொடங்க வேண்டும். பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்திக்குப் போடாமல், நன்கு உக்கிய எருவையே இடுங்கள். நீரை இலையில் தெளிக்காமல் அடியில் பாய்ச்சுங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால் இருக்கட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அழுக்குநீர் வெடிப்புகளூடாக விரைவில் கிணற்றைச் சேரும் என்பதால், அங்கு இன்னும் தூரம் நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய கீரையையும், கழிவுநீர் வாய்க்காலில் முளைத்த வல்லாரையையும் பச்சையாக உண்ணவே வேண்டாம். நீரில் சந்தேகம் இருக்கும் நாட்களில் சம்பலை விட்டு, ஆவி பறக்கச் சூடாக்கி வறையாகச் செய்யுங்கள். சூடு கிருமியைக் கொல்லும். சிறிது உயிர்ச்சத்துக் குறைந்தாலும், ஒரு நாள் வயிற்றோட்டத்தில் சிறுபிள்ளை இழப்பது அதைவிட அதிகம்.

நிலத்தை விட்டு வந்தாலும் தோட்டம் செய்யும் கையை நாம் விட்டு வரவில்லை. அந்தக் கையைக் கழுவி, கீரையையும் கழுவிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.