தேய்மானம் எங்கே போகிறது?

பி.காம். இரண்டாம் வருஷம் 'தேய்மானம்' நடத்திய புரொபசர் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "லாரி விலை ஒரு லட்சம். வருஷத்துக்குப் பத்தாயிரம் தேய்மானம். பத்து வருஷத்துல லாரி மதிப்பு பூஜ்யம். கணக்கு முடிஞ்சுது!" அந்தத் தேய்ந்த சரக்கு எங்கேதான் போகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வகுப்பை விட்டு வெளியே போகச் சொல்லியிருப்பார்.

பதில் போன நவம்பரில் கிடைத்தது. அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில், ஒரு செத்த மீனின் வயிற்றில்!

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "காலைல ஏழு மணிக்கு ரெடியா இரு, ஓடைக்குப் போறோம்" என்றாள். நான் பாட்டுக்குத் துண்டு, சோப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். (திருநெல்வேலிக்காரன் புத்தி!) அக்கா பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ மாமா! செத்த மீன் எண்ணப் போறோம்!"

பத்து வயசு. மீன் விஷயத்தில் என்னைவிட விவரம். ஜனவரியில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கோஹோ சால்மன் முட்டைகள் வருமாம். குளிரூட்டி வைத்த கண்ணாடித் தொட்டியில் பிள்ளைகளே வளர்ப்பார்கள். மே மாதம் பக்கத்திலிருக்கும் ஃபான்ட்லராய் ஓடையில் ஆளுக்கொரு கப்பில் குஞ்சைக் கொண்டுபோய் விடுவார்கள்.

"என்னோடதுக்குப் பேர்கூட வெச்சேன் மாமா."

"என்ன பேரு?"

"இட்லி."

இட்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடைத் தண்ணீரில் வளர்ந்து, கடலுக்குப் போய், மூன்று வயசில் வாசனை பிடித்துக்கொண்டு அதே ஓடைக்குத் திரும்பும். சரளைக்கல்லில் குழி பறித்து முட்டையிடும். பிறகு செத்துவிடும். அதனால் ஓடையில் செத்த சால்மன் கிடந்தால் துக்கமில்லை, கல்யாணச் சாவு. முட்டையிட்டுச் செத்ததா, இடாமலேயே செத்ததா என்பதுதான் கேள்வி.

அதைப் பார்க்கத்தான் லாங்ஃபெலோ ஓடைக்குப் போனோம். பியூஜெட் சவுண்ட்கீப்பர் என்ற சங்கத்தின் தொண்டர்கள், மழைக்கோட்டும் முழங்கால் பூட்ஸுமாக, இலையுதிர் காலம் முழுக்க அங்கே முறை வைத்து நடக்கிறார்கள். சியாட்டில் ஓடைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. குப்பை அள்ளி, முட்புதர் வெட்டி, நிழலுக்கு மரம் நட்டு, சரளை கொட்டி... 1990-களில் மீன்கள் திரும்பின. திரும்பிய மீன்களில் கோஹோ மட்டும் வாயைப் பிளந்துகொண்டு, வட்டமடித்து, சில மணி நேரத்தில் செத்தது. அதுவும் மழை பெய்த மறுநாள். சில ஓடைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் போயின.

எங்களுக்கு அன்று ஒரே ஒரு மீன். பெட்டை. தொண்டர் அம்மா ஒருவர் கத்தியால் வயிற்றைக் கீறினார். பட்டாணி அளவில், ஆரஞ்சு நிறத்தில், முட்டை, முட்டை, முட்டை. ஒன்றுகூட இடவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். யாரும் பேசவில்லை.

காரணம் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. 2020 டிசம்பரில்தான் விஞ்ஞானிகள் குற்றவாளியைப் பிடித்தார்கள். டயர்! ரப்பர் வெடிக்காமல் இருக்க '6பி.பி.டி.' என்று ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். காற்றிலுள்ள ஓசோன் பட்டதும் அது '6பி.பி.டி. குயினோன்' என்ற விஷமாகிறது. தேய்ந்த டயர்த் தூளோடு ரோட்டில் கிடக்கும். மழை வந்ததும் சாக்கடை வழியே நேரே ஓடைக்கு. கொடுமை என்னவென்றால், கோஹோ கடலிலிருந்து ஓடைக்குள் ஏறி வருவதும் அந்த மழையை நம்பித்தான்! இன்னொரு சால்மன் வகையான சம்முக்கு இந்த விஷம் ஒன்றும் செய்வதில்லை. அது ஜம்மென்று நீந்துகிறது.

அதே ரோட்டுத் தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணில் வடியவிட்டால் கோஹோ பிழைக்கிறது என்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அதற்காக ரோட்டோரமாகச் செடிகளோடு மண் பாத்திகள் அமைக்கிறார்கள். சாக்கடை வாய் பக்கத்தில் மீன் படம் போட்டு, 'இது ஓடைக்குப் போகிறது' என்று எழுதியிருக்கிறது. 2023-ல் மூன்று பூர்வகுடி இனத்தார் அந்த ரசாயனத்தை டயரில் தடை செய்யக் கேட்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையிடம் மனுக் கொடுத்தார்கள். துறையும் பரிசீலிக்க ஒப்புக்கொண்டது. டயரில் பதிலுக்கு எதைப் போடுவது என்பதுதான் பெரிய தலைவலி. அதை எடுத்துவிட்டு டயர் நடுரோட்டில் வெடித்தால்?

பாத்தி போடுகிற வேகத்தைப் பார்த்தால்... ஊரில் எத்தனை ரோடு, எத்தனை கார்! அக்கா வீட்டில் மட்டுமே இரண்டு. அத்தான் தினம் ரெட்மண்ட் வரைக்கும் ஓட்டுகிறார். ஓடைக்கு நாங்கள் போனதும் காரில்தான்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. பின் சீட்டில் குட்டி விரல் விட்டு ஏதோ எண்ணினாள்.

"இட்லி இன்னும் ரெண்டு வருஷத்துல வரும். அப்பா, கொஞ்சம் மெதுவாப் போங்களேன். டயர் தேயுது."

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்தார்.