அப்டேட் செய்த பிறகு ஃபைலைக் காணோமா? பதற்றப்படும் முன் ‘இண்டெக்ஸ்’ பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. இதையொட்டிப் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய கையோடு சிலருக்கு ஓர் அதிர்ச்சி. ஃபைலின் பெயரைத் தட்டினால், அப்படி எதுவும் இல்லை என்கிறது கம்ப்யூட்டர். கல்விக் கடனுக்கான ஸ்கேன் காப்பி, ஜிஎஸ்டி பில், பத்திர நகல்... எல்லாம் போச்சா?

பெரும்பாலும் எதுவும் போயிருக்காது.

தேடல் எங்கே தேடுகிறது?

ஒரு சொல்லைத் தட்டியதும் கம்ப்யூட்டர் டிஸ்க் முழுவதையும் அலசுவதில்லை. முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் ஒரு பட்டியலைத்தான் பார்க்கிறது. அதுதான் இண்டெக்ஸ். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. சொல்லடைவைக் கிழித்துப் போட்டாலும் புத்தகம் அப்படியேதான் இருக்கும்.

விண்டோஸ் 10-ல் ஒரு டேட்டாபேஸ் வடிவில் இருந்த இந்தப் பட்டியல், விண்டோஸ் 11-ல் எஸ்க்யூலைட் என்ற வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது. புதிய பட்டியல் எழுதி முடியும் வரை தேடல் அரைகுறையாகத்தான் இருக்கும்.

என்ன செய்யலாம்?

* முதலில் ஃபோல்டரை நேரடியாகத் திறந்து பாருங்கள். ஃபைல் அங்கே இருந்தால் கோளாறு தேடலில்தான்.

* செட்டிங்ஸில் ‘பிரைவசி & செக்யூரிட்டி’க்குள் தேடல் பகுதிக்குப் போங்கள். அங்கே ‘பெண்டிங்’ எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சார்ஜரில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். ஃபைல்கள் அதிகம் என்றால் பல மணி நேரம் ஆகலாம்.

* அதே இடத்தில் ‘கிளாசிக்’, ‘என்ஹான்ஸ்டு’ என இரண்டு வாய்ப்புகள் இருக்கும். கிளாசிக்கில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக் போன்றவை மட்டுமே பட்டியலில் சேரும். உங்கள் ஃபைல்கள் டி டிரைவில் இருந்தால், அந்த ஃபோல்டரை நீங்களே சேர்க்க வேண்டும்.

* எண்ணிக்கை நகரவே இல்லை என்றால் மட்டும் ‘அட்வான்ஸ்டு இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ரீபில்டு’ கொடுங்கள். ஃபைல்கள் அழியாது. ஆனால் பட்டியல் முதலிலிருந்து எழுதப்படும். அவசரப்பட்டு இதைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் காத்திருப்புதான் நீளும்.

தமிழ் ஃபைல்களுக்கு இன்னொரு சிக்கல்

பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த ஆவணத்துக்குள், யூனிகோடு தமிழில் தேடினால் சொல் சிக்காது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள்தான். இதை ரீபில்டு சரிசெய்யாது. யூனிகோடுக்கு மாற்றுவதே வழி. அதுவரை ஃபைலின் பெயரையாவது யூனிகோடில் வையுங்கள்.

தேடலில் வரவில்லை என்பதற்காக ஃபார்மேட் செய்யச் சொன்னால் சம்மதித்துவிடாதீர்கள். பட்டியலை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம். பேக்கப் எடுக்காமல் ஃபார்மேட் செய்துவிட்டால் ஃபைல் திரும்புவது சந்தேகம்தான்.